யாரைப் போதகராக அழைத்திருக்கிறார்கள்? சிங்கப்பூரின் பாப்டிஸ்ட் தமிழ்ச் சபை ஒன்றின் ஊழியர்கள் குறித்த மதிப்புரை

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கு வந்து சேரும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சபை தேடும்போது பெரும்பாலும் விசாரிப்பது மூன்று விஷயங்களைத்தான்: எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், பாடல் ஆராதனை எப்படி இருக்கும், பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி உண்டா. அங்கே ஊழியம் செய்கிற போதகர்கள் எந்தப் பின்னணியிலிருந்து வந்தவர்கள், எங்கே படித்தார்கள், அதற்கு முன்பு என்ன வேலை பார்த்தார்கள், அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று விசாரிப்பவர்கள் மிகவும் குறைவு. மற்றத் திருச்சபைகளில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டாலும் பாதகமில்லை. பாப்டிஸ்ட் சபையில் சேரப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நான் அங்கத்தினராக உள்ள பாப்டிஸ்ட் சபையின் தமிழ்ப் பிரிவில் ஊழியம் செய்யும் நால்வரைப் பற்றியே இந்த மதிப்புரையில் எழுதுகிறேன். நான் குறிப்பிடுகிறவர்கள் யாரும் பொதுவெளியில் மதிப்பிடப்படுவதற்குச் சம்மதம் கொடுத்தவர்கள் அல்லர் என்பதால், சபையின் பெயரையும் அவர்களுடைய பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். இங்கே நான் பார்த்த விதத்தில் எந்தச் சபையின் ஊழியர்களையும் வாசகர்கள் பார்க்கலாம்.

மெதடிஸ்ட் திருச்சபையில் போதகரை எந்தச் சபைக்கு அனுப்புவது என்பதைப் பேராயர் தீர்மானிக்கிறார். ஆங்கிலிகன் திருச்சபையிலும் கத்தோலிக்கத் திருச்சபையிலும் அவ்வாறே மேலிருந்து நியமனம் வருகிறது. சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்று மரபுகளில் வளர்ந்தவர்கள். ஆகவே, போதகர் என்பவர் எங்கிருந்தோ அனுப்பப்பட்டு வந்து, சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்பவர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. பாப்டிஸ்ட் மரபில் பேராயர் இல்லை. ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நிர்வகிக்கிறது. தனக்கான போதகரைத் தானே அழைக்கிறது. தேவைப்பட்டால் விலகும்படி கேட்கவும் அதற்கு உரிமை உண்டு. பாப்டிஸ்ட் கூட்டமைப்பு என்று இருப்பது சபைகள் தாமாக விரும்பி இணைந்த அமைப்பே தவிர, சபைகளுக்கு ஆணையிடும் அமைப்பு அன்று. சிங்கப்பூர் பாப்டிஸ்ட் கூட்டமைப்பு 1974ல் உருவானபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. போதகரின் பின்னணியைச் சரிபார்க்க மேலே ஒருவரும் இல்லாததால், அந்தப் பொறுப்பு முழுவதும் ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம்மேல் விழுகிறது.

எங்கள் சபையில் இந்தப் பொறுப்பு எப்படி நிறைவேற்றப்படுகிறது என்பதை இணைப் போதகர் அழைக்கப்பட்ட விதத்தைக் கொண்டு சொல்கிறேன். சபையார் தேர்ந்தெடுத்த குழு விண்ணப்பங்களைப் பரிசீலித்து, அவர் முன்பு ஊழியம் செய்த சபைகளோடு பேசி, படித்த கல்லூரியில் விசாரித்து, அதன்பின் ஒருவரை மட்டும் சபையின் முன் நிறுத்தியது. அவர் இரண்டு ஞாயிறுகள் பிரசங்கித்தார். பின்னர் அங்கத்தினர் கூட்டத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு தாளில் அச்சடிக்கப்பட்டு எல்லார் கையிலும் கொடுக்கப்பட்டது. அதில் படிப்பு, வேலை, குடும்பம் ஆகியவற்றோடு, முந்தைய சபையை விட்டு விலகிய காரணமும் இருந்தது. அதன்பின் கேள்வி நேரம். எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் மெல்ல எழுந்து நின்று கேட்டார்: "தம்பி, நீங்க கைக்குழந்தையில சிஎஸ்ஐ கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினவர்னு இதுல போட்டிருக்கு. அப்புறம் பெரியவனாகித் திரும்ப முழுக்கு எடுத்திருக்கீங்க. அப்போ முதல்ல வாங்கினது செல்லாதா? எங்க வீட்டுக்காரரும் குழந்தையில வாங்கினதோட சரி. அவர் போய்ச் சேர்ந்துட்டார்."

கூடத்தில் இருந்த பலருக்கும் சொந்தமான கேள்வி அது. சிஎஸ்ஐ எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை 1947ல் உருவானபோது ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் அதில் இணைந்தார்கள், பாப்டிஸ்ட்கள் இணையவில்லை. குழந்தை ஞானஸ்நானத்தை சிஎஸ்ஐ ஏற்பதும் பாப்டிஸ்ட்கள் ஏற்காததும் இந்த இரு சாராருக்கும் நடுவே இன்றும் இருக்கிற வேறுபாடு. அவர் பதில் சொல்வதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். "அம்மா, என்னைத் தூக்கிட்டுப் போன எங்க அப்பா அம்மாவோட விசுவாசத்தை நான் ஒருநாளும் குறைச்சுப் பேசமாட்டேன். வளந்த பிறகு என் வாயால அறிக்கை பண்ணித் தண்ணிக்குள்ள இறங்கினது என்னோட கீழ்ப்படிதல். ஐயாவை ஆண்டவருக்குத் தெரியும்மா. அவர் விஷயத்துல தீர்ப்புச் சொல்ற வேலை எனக்கு இல்ல." பாப்டிஸ்ட் உபதேசத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அந்த அம்மாவின் மனத்தையும் காயப்படுத்தவில்லை. அதன்பின் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எங்கள் சபை விதிப்படி நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. அதைத் தாண்டியே அவர் அழைக்கப்பட்டார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் இன்று அவரைப் பற்றிய அடிப்படை விவரங்கள் தெரியும். நான் போய்ப் பார்த்த வேறு சில சபைகளில், ஆண்டுக்கணக்காக வருகிறவர்களுக்கும் தங்கள் போதகர் எங்கே படித்தார் என்பது தெரிந்திருக்கவில்லை.

போதகர் என்றால் இன்ன குலத்தில், இன்ன கல்லூரியில், இன்ன தொழிலில் இருந்துதான் வரவேண்டும் என்ற வரையறை பாப்டிஸ்ட் மரபில் ஆரம்பம் முதலே இருந்ததில்லை. 1609ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் தலைமையில் கூடிய ஆங்கிலேய அகதிகள் சிலரிடமிருந்து தொடங்கிய இயக்கம் இது. இந்தியாவுக்கு 1793ல் வந்த வில்லியம் கேரி, செருப்புத் தைக்கும் தொழிலைக் கற்றவர். பின்னர் வங்காளத்தின் செராம்பூரில் அவரோடு சேர்ந்துகொண்ட வில்லியம் வார்டு அச்சுத் தொழிலாளி. ஜோஷுவா மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். இந்த மூவரின் தொழில்களும் அவர்களுடைய ஊழியத்தில் அப்படியே தெரிந்தன: அச்சகம் எழுந்தது, பள்ளிகள் எழுந்தன, 1801ல் வங்காள மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது, 1818ல் கல்லூரி பிறந்தது. இலண்டனில் 1854ல் நியூ பார்க் ஸ்ட்ரீட் சபைக்குப் போதகராக அழைக்கப்பட்ட புகழ்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜனுக்கு அப்போது வயது 19. அவர் இறையியல் கல்லூரியின் படி ஏறியதில்லை. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1856ல், போதகர்களுக்கென்று கல்லூரி ஒன்றை அவரே தொடங்கினார் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். படிப்பு தேவையில்லை என்பதற்கு அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் பாப்டிஸ்ட் ஊழியம் முதலில் வேர்விட்டது சீனர்களிடையேதான். தென்சீனத்தின் சுவாத்தோ வட்டாரத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள் 1937ல் இங்கே சபையாகக் கூடினார்கள். 1949க்குப் பிறகு சீனாவில் தொடர முடியாமல் வெளியேறிய அமெரிக்க மிஷனரிகள் பலர் தென்கிழக்காசியாவுக்கு வந்தார்கள். பினாங்கில் 1954ல் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழர்களிடையே மெதடிஸ்ட்களும் ஆங்கிலிகன்களும் கத்தோலிக்கர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஊன்றிவிட்டதால், பாப்டிஸ்ட் தமிழ்ச் சபைகள் எண்ணிக்கையில் சிறியவை. எங்கள் தமிழ்ப் பிரிவும் ஆங்கில, சீன ஆராதனைகள் முடிந்த பிறகு அதே கட்டடத்தில் பிற்பகலில்தான் கூடுகிறது. இப்படிச் சிறிய சபையாக இருப்பதால் நால்வரையும் நெருங்கிப் பார்க்க முடிகிறது.

மூத்த போதகர் சிங்கப்பூரில் பிறந்தவர். கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தவர்; நாற்பது வயதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டு, இங்குள்ள இறையியல் கல்லூரியில் முழுநேரமாகப் படித்தவர். அவருடைய பிரசங்கத்தில் அலங்காரம் குறைவு. வேதப்பகுதியை வசனம் வசனமாக எடுத்துக்கொண்டு, நாற்பது நிமிடங்களுக்குள் முடித்துவிடுவார். கிரேக்கச் சொற்களை அடுக்கிக் கேட்பவரை மலைக்க வைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. பட்டறையில் பாதுகாப்புக் கூட்டம் நடத்திப் பழகியவர் என்பது அவர் சபைக் கூட்டங்களை நடத்தும் முறையிலேயே தெரியும்: பேச வேண்டியவை முன்கூட்டியே தாளில் இருக்கும், சரியான நேரத்தில் தொடங்கும், கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைக்காமல் கூட்டம் கலையாது.

அவருடைய உண்மையான தகுதி துக்க வீடுகளில்தான் வெளிப்படுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, மூன்று நாள் உடலை வைத்திருக்கும் இந்த ஊர் வழக்கத்தில், போதகர் எப்போது வருகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், என்ன பேசுகிறார் என்பதைக் குடும்பத்தார் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பார்கள். அவர் இரவுப் பிரார்த்தனைக்கு மட்டும் வந்து போகிறவர் அல்லர்; பகலில் ஆளில்லாத நேரத்தில் வந்து அமர்கிறவர். இந்து உறவினர்கள் பாதிப் பேர் இருக்கும் குடும்பங்களில் அவர் காட்டும் மரியாதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இறந்தவரின் தம்பி நெற்றியில் திருநீற்றுடன் வந்து நின்றபோது, போதகர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். பிரார்த்தனை தொடங்கும் முன், விரும்புகிறவர்கள் கலந்துகொள்ளலாம், விரும்பாதவர்கள் அமைதியாக அமர்ந்திருக்கலாம் என்று சொன்னார். அடக்கமா தகனமா என்று குடும்பம் தடுமாறும் நேரத்திலும் அவர் நடைமுறையை ஒளிக்காமல் எடுத்துச் சொல்கிறார். இப்போது புதைப்பதற்குத் திறந்திருப்பது சுவா சூ காங் கல்லறை ஒன்றுதான், 1998 நவம்பருக்குப் பிறகு அங்கே புதைப்பவர்களுக்கு 15 ஆண்டுக் கால வரம்பு உண்டு, அதன்பின் தோண்டியெடுக்கப்படும். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பக் கல்லறை வைத்திருந்தவர்களுக்கு இந்தச் செய்தி அதிர்ச்சியாக இருக்கும். தகனம் செய்வதால் உயிர்த்தெழுதலின் நம்பிக்கைக்குக் குறைவு வராது என்பதை வேதத்தைக் கொண்டு பொறுமையாக விளக்கி, முடிவைக் குடும்பத்திடமே அவர் விட்டுவிடுகிறார். திருமணங்களைச் சட்டப்படி பதிவு செய்து நடத்தி வைக்கும் உரிமமும் அவரிடம் இருக்கிறது. குறைந்தது 21 நாள்களுக்கு முன்பே திருமணப் பதிவகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் தம்பதியருக்கு அவரே நினைவூட்டுகிறார்.

அவரிடம் குறை என்று சொன்னால், இளையவர்களின் வேலை நெருக்கடிகளை அவர் இன்னும் பழைய பட்டறைக் காலத்துக் கண்ணோடு பார்க்கிறார் என்பதுதான். மேலாளர் சொன்னால் கேட்டு நடக்க வேண்டும், பொறுமையாக இருந்தால் பதவி உயரும் என்று அவர் சொல்லும் ஆலோசனை, ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் இன்றைய தலைமுறைக்குப் பொருந்துவதில்லை. இதை அவரிடமே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவரும் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்.

இணைப் போதகர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். அப்பா சிஎஸ்ஐ பள்ளியில் ஆசிரியர். கல்லூரியில் படிக்கும்போது பாப்டிஸ்ட் நண்பர்கள் வழியாக வேதத்தைப் படித்து, முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, வீட்டில் பெரிய மனவருத்தத்துக்கு நடுவே இறையியல் படிக்கச் சென்றவர். இறையியல் கல்லூரிகளை இணைத்துப் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் உள்ள கல்லூரியில் இளநிலை இறையியல் பட்டம் பெற்றிருக்கிறார். அந்தப் பட்டத்தின் பின்னால் இருக்கும் வரலாறு நம் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செருப்புத் தைத்த கேரியும் அவருடைய தோழர்களும் நிறுவிய செராம்பூர்க் கல்லூரிக்கு, அந்த ஊர் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த காரணத்தால், 1827ல் டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரடெரிக் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். இன்று மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூரின் ஐக்கிய இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் போன்றவை வழங்கும் பட்டங்கள் அந்தச் சாசனத்தின் வழியில் வருபவை. அவர் பாப்டிஸ்ட் ஆன பிறகும் லூத்தரன், சிஎஸ்ஐ, மெதடிஸ்ட் மாணவர்களோடு ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர். மற்ற மரபுகளைப் பற்றி அவர் பேசும்போது ஏளனம் துளியும் இருப்பதில்லை. அந்த அம்மாவுக்கு அவர் சொன்ன பதில் அந்த விடுதி வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்றே நினைக்கிறேன்.

அவருடைய ஊழியத்தின் பெரும்பகுதி தங்குவிடுதிகளில் வசிக்கும் கட்டுமான ஊழியர்களிடையே நடக்கிறது. அவர் பேசும் தென்மாவட்டத் தமிழைக் கேட்டதும் தொழிலாளர்களின் முகம் மாறுவதை யாரும் கவனிக்கலாம். மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்வது, ஊருக்குப் பணம் அனுப்புவதில் ஏமாற்றப்பட்டவருக்கு யாரிடம் முறையிடுவது என்று சொல்வது, சம்பளப் பிரச்சினை என்றால் மனிதவள அமைச்சின் வழிமுறைகளைக் காட்டிக்கொடுப்பது என்று இந்த வேலை நீள்கிறது. உதவி பெறுகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர். உதவியை வாங்கியதற்காக யாரும் ஆராதனைக்கு வரவேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. அதை வெளிப்படையாகவும் சொல்லிவிடுகிறார்.

இந்த விஷயத்தில் அவர் அடிக்கடி எடுத்துக்காட்டும் மனிதர், ஆந்திராவின் ஓங்கோலில் ஊழியம் செய்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப். நில அளவைப் பின்னணி கொண்ட அவர், சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினியில் கிடந்த மக்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். பஞ்ச நிவாரணம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. சோற்றுக்காக யாரும் கிறிஸ்தவர் ஆகிவிடக்கூடாது என்பது அவருடைய கவலை. நிவாரணம் முடிந்த பிறகும் மக்கள் வந்து நின்றார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் இணைப் போதகர் அதற்கு முன்பு கிளஃப் காத்திருந்த மாதங்களைப் பற்றிப் பேசுகிறார். பல சமயத்தார் நெருங்கி வாழும் சிங்கப்பூரில், ஊழியத்துக்கு வருகிற வெளிநாட்டவர் ஒருவருக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி இந்த நிதானம்தான் என்று நான் கருதுகிறேன்.

அவர் வெளிநாட்டவர் என்பதால் சில வரம்புகளும் உண்டு. அவருடைய வேலை அனுமதிக்குச் சபைதான் விண்ணப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு நெருங்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய குடும்பம் கலங்குவதைப் பார்க்கிறோம். 2019ல் திருத்தப்பட்டு 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்ட மாற்றங்களின்படி, சமய அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். அந்தப் பொறுப்புகள் எங்கள் சபையில் உள்ளூர் அங்கத்தினர்களிடம் இருப்பதால் இவருடைய பிரசங்க ஊழியத்துக்கு இதனால் தடையில்லை. ஆனால் அங்கத்தினர்கள் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல், 'பாஸ்டரையே கமிட்டியில் சேர்க்கவில்லையே' என்று வருத்தப்பட்டதுண்டு. சபை இதை முன்கூட்டியே விளக்கியிருக்கலாம்.

மூன்றாமவர் பெண்கள், குடும்பங்கள் ஆகியோரிடையே ஊழியம் செய்யும் அம்மையார். அரசு மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மாலை வகுப்புகளில் இறையியல் டிப்ளோமா படித்தவர். நால்வரில் மக்கள் அதிகமாகத் தேடிச் செல்வது இவரைத்தான் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த இளம் தாய் ஒருவரிடம், "ஜெபிப்போம், அதோட நாளைக்கே டாக்டரையும் பார்ப்போம், நானே கூட வர்றேன்" என்று அவர் சொன்னதை அந்தப் பெண்ணே எங்கள் வீட்டுக் கூட்டத்தில் சாட்சியாகச் சொன்னார். ஜெபத்துக்கும் மருந்துக்கும் நடுவே நோயாளியைத் தவிக்கவிடும் ஊழியர்களை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். இவர் முப்பது ஆண்டுகள் வார்டில் நின்றவர் என்பதால், எங்கே தன் வேலை முடிகிறது, எங்கே மருத்துவரின் வேலை தொடங்குகிறது என்பது இவருக்குத் தெரிகிறது.

ஆனால் சபையின் அறிவிப்புத் தாளில் மற்ற மூவரும் 'போதகர்' என்றும் 'இளையர் போதகர்' என்றும் குறிக்கப்பட, இவர் மட்டும் 'சகோதரி' என்று குறிக்கப்படுகிறார். இவருக்கு அருட்பொழிவு, அதாவது போதகராக முறைப்படி பிரதிஷ்டை, செய்யப்படவில்லை. பெண்களைப் போதகர்களாக ஏற்பதா என்பதில் உலக பாப்டிஸ்ட்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. அமெரிக்கத் தென் பாப்டிஸ்ட்கள் 2000ஆம் ஆண்டில் திருத்திய விசுவாச அறிக்கையில் போதகர் பொறுப்பை ஆண்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். பிரிட்டனின் பாப்டிஸ்ட் ஒன்றியமோ பெண்களைப் போதகர்களாக நீண்ட காலமாக ஏற்று வருகிறது. எந்த மேலிடமும் எங்கள் சபையைத் தடுக்கப் போவதில்லை. தீர்மானிக்க வேண்டியது அங்கத்தினர் கூட்டம்தான். வேதத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டு இதை எதிர்க்கும் மூத்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும், போதகர் செய்யும் வேலை அனைத்தையும் ஒருவர் செய்துகொண்டிருக்கும்போது, அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் எடுக்கவே தயங்குவது சரியன்று. எடுத்துப் பேசி, வாக்கெடுத்து, இல்லை என்று முடிவு வந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளலாம். பேசாமலே காலம் கடத்துவது பாப்டிஸ்ட் முறை ஆகாது.

நான்காமவர் இளையர் போதகர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி படித்து, தேசிய சேவை முடித்து, சில ஆண்டுகள் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இறையியல் படிப்பு இன்னும் முடியவில்லை. பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். அவருடைய தமிழ்தான் பலவீனம். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் என்பதால், தமிழில் ஜெபிக்கத் தொடங்கி மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். தமிழ்ப் பிரிவில் வளரும் பிள்ளைகள் பத்து வயதுக்குள்ளேயே ஆங்கில ஆராதனைக்கு நகர்ந்துவிடுவதற்கு இதுவும் காரணம். தமிழைப் பள்ளியில் பாடமாகப் படிக்கும் பிள்ளைகள் வேதாகமத்தையும் தமிழில் வாசிக்கப் பழகினால் இரண்டுக்குமே நல்லது என்று பல பெற்றோர் விரும்புகிறார்கள். அவரும் இப்போது வாரம் ஒரு மாலை மூத்த அங்கத்தினர் ஒருவரிடம் தமிழ் வேதாகமத்தை உரக்க வாசித்துப் பழகி வருகிறார். அந்த முயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் சபை அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, மொழித் திறனை விளம்பரத்திலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

படிப்பைப் பற்றி இன்னும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தமிழ்க் கிறிஸ்தவ வட்டாரத்தில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளும் ஊழியர்கள் பெருகிவிட்டார்கள். சில ஆயிரம் கட்டி, வகுப்பறையையே பார்க்காமல் பெற்ற பட்டங்களும் அவற்றில் உண்டு. போதகர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று கேட்டுவிட்டு, அந்தக் கல்லூரிக்குச் செராம்பூர் செனட்டின் இணைப்போ, ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரமோ, அதுபோன்ற வேறு நம்பகமான அங்கீகாரமோ இருக்கிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலை. எங்கள் நால்வரில் யாரும் முனைவர் அல்லர். யாரும் அப்படிப் போட்டுக்கொள்ளவும் இல்லை. அவர்களுடைய சான்றிதழ்களைத் தேர்வுக் குழு பார்த்ததாகக் கூட்டத்தின் குறிப்பேட்டில் பதிவு இருக்கிறது. பட்டம் இல்லாதவர் நல்ல போதகராக இருக்கலாம். இல்லாத பட்டத்தைக் காட்டுகிறவரிடம் என் பிள்ளையின் ஆத்துமாவை ஒப்படைக்க மாட்டேன்.

பணம் தொடர்பான வெளிப்படைத்தன்மையிலும் சபை நல்ல நிலையில் இருக்கிறது. ஊழியர்களின் சம்பளத்துக்கு ஒதுக்கப்படும் மொத்தத் தொகை ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது; கணக்குகள் தணிக்கை செய்யப்படுகின்றன. காணிக்கைப் பணத்தைப் போதகர்கள் கையால் தொடுவதில்லை. எண்ணுவது, பதிவது, வங்கியில் செலுத்துவது எல்லாம் சபையின் நிர்வாகப் பணிகளைக் கவனிக்கும் டீக்கன்மார்களின் பொறுப்பு.

முக்கியமான குறை, இவ்வளவு நல்ல விவரங்களும் சபைக்கு உள்ளேயே தங்கிவிடுவதுதான். புதிதாக வருகிறவருக்குக் கொடுக்கப்படும் வரவேற்புக் கையேட்டில் ஊழியர்களைப் பற்றிய பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அதுவும் தமிழ்ப் பிரிவின் ஊழியர்களைப் பற்றி இரண்டு வரிகள்தான். தங்குவிடுதியிலிருந்து வரும் தொழிலாளிக்கும், மகன் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் தாய்க்கும் அந்தப் பக்கம் எந்தப் பயனும் தராது. அங்கத்தினர் கூட்டத்தில் எங்களுக்குக் கொடுத்த அந்தத் தாள்களையே சுருக்கித் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் போதும்.

இந்தச் சபை யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், சிஎஸ்ஐயின் வழிபாட்டு ஒழுங்கும் வெள்ளை அங்கியும் திருநாள்களின் முறையும் இல்லாமல் ஆராதித்த திருப்தி வராதவர்களுக்கு இது வெறுமையாகத் தோன்றும். அவர்கள் தங்கள் மரபின் சபைக்கே செல்வது நல்லது. குணமாக்கும் கூட்டங்களையும் உரத்த ஆராதனையையும் நாடுகிறவர்களுக்கும் இது ஏற்ற இடம் அன்று. வேதத்தை நிதானமாகக் கேட்க விரும்புகிறவர்கள், துக்கத்திலும் நோயிலும் துணை நிற்கும் ஊழியர்களைத் தேடுகிறவர்கள், சபையின் தீர்மானங்களில் பங்கெடுக்கத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக வரலாம். அங்கத்தினராகச் சேரும் முன் நடக்கும் வகுப்பில், நால்வரில் ஒருவராவது வந்து தன் பின்னணியைச் சொல்லிக் கேள்விகளுக்குப் பதில் தருவார். அப்போது, எங்கே படித்தீர்கள், முந்தைய சபையை ஏன் விட்டீர்கள், உங்களுக்கு ஆலோசனை சொல்லும் மூத்தவர் யார் என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். நான் கேட்டபோது மூத்த போதகர் மூன்றாவது கேள்விக்குத் தன்னைவிட வயதில் இளைய வேறொரு சபைப் போதகரின் பெயரைச் சொன்னார். மாதம் ஒருமுறை அவரிடம் போய் உட்கார்ந்து பேசுவதாகவும் சொன்னார்.